பொட்டுவுக்கு ஒரு குளியல்

மலையடிவாரக் காட்டில் ஒரு மடு இருந்தது. அதன் கரைப் புதரில் செவ்வந்தி என்ற காட்டுக்கோழி குடியிருந்தாள். கரைக்குக் கீழே ஒரு பொந்தில் கயலி என்ற நீர்நாய் இருந்தாள். செவ்வந்தி அடைகாத்த முட்டைகளில் ஒன்றுதான் பொரிந்தது. அந்த ஒற்றைக் குஞ்சின் பெயர் பொட்டு. பொட்டு தும்மினால்கூட செவ்வந்திக்கு அது பெரிய சாதனை.

ஒருநாள் காலையில் செவ்வந்திக்குச் சேதி வந்தது. மூங்கில் காட்டில் இருக்கும் தங்கைக்குக் காலில் முள் ஏறி நடக்க முடியவில்லையாம். குஞ்சைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. பொட்டுவைக் கயலியிடம் கொண்டுவந்து விட்டாள். கயலி நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இப்போது பொந்து வெறிச்சென்று கிடந்ததால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள்.

செவ்வந்தி வெகுநேரம் பேசினாள். பொட்டுவின் முதுகுக் கோடுகள் எவ்வளவு அழகு, முதல் எறும்பை அவள் எப்படிக் கொத்தினாள், அவளைப் பார்த்து மயிலே எப்படிப் பொறாமைப்பட்டது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கிளம்பும்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது.

“வேளைக்குச் சாப்பாடு கொடு. ஒருமுறை குளிக்க வை. அடம் பிடிப்பாள், இடம் கொடுக்காதே.”

வேறு ஏதாவது உண்டா என்று கயலி கேட்டாள்.

“நீயும் பிள்ளை பெற்றவள்தானே, உனக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிட்டு செவ்வந்தி ஓடினாள்.

கயலி ஒரு கொழுத்த கெண்டையைப் பிடித்துவந்து பொட்டுவின் முன்னால் போட்டாள். மீன் பொட்டுவைவிடப் பெரிது. அது வாலை அடித்ததும் பொட்டு ஓடிப்போய் ஒரு வேருக்குப் பின்னால் ஒளிந்தாள். சொன்னபடியே அடம் பிடிக்கிறாள் என்று கயலி நினைத்தாள். மீனை வீணாக்க வேண்டாம் என்று தானே தின்றாள்.

பிறகு பொட்டுவை மெதுவாகக் கவ்வித் தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

“வேண்டாம் அத்தை. நான் மண்ணில்தான் குளிப்பேன்,” என்றாள் பொட்டு.

கயலிக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய கடைசிப் பிள்ளையும் குளிக்காமல் தப்பிக்க இப்படித்தான் ஏதாவது சொல்வான். “மண்ணில் புரண்டால் அழுக்குதான் சேரும் கண்ணு,” என்று சொல்லி, அவளை மடுவில் விட்டாள்.

பொட்டு சிறகடித்தாள். பிறகு மூழ்கினாள். முதல் நாளே இப்படி முக்குளிக்கிறாளே என்று கயலி பூரித்துப்போனாள். எந்தப் பக்கம் எழும்புவாள் என்று பார்த்தாள். எந்தப் பக்கமும் எழும்பவில்லை.

கயலி உள்ளே பாய்ந்து குஞ்சைத் தூக்கிவந்தாள். தலை தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்த பாறையில் படுத்து, வயிற்றோடு அணைத்து, நக்கி நக்கித் துடைத்தாள். வெகுநேரம் கழித்து பொட்டு இருமினாள். “பசிக்கிறது அத்தை,” என்றாள். கயலி அழுதேவிட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்த செவ்வந்தி, நனைந்த பஞ்சுபோலக் கிடந்த மகளைப் பார்த்துக் கத்தித் தீர்த்தாள். கயலி நடந்ததை நடந்தபடி சொன்னாள். கடைசியில், “குளிக்க வை என்றாய். எங்கள் வீட்டில் குளியல் என்றால் தண்ணீர்தான்,” என்றாள்.

செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. மண் என்ற ஒரு சொல்லை அவள் சொல்லவே இல்லை. மயிலைப் பற்றித்தான் அத்தனை சொல்லியிருந்தாள். கயலிக்கும் வெட்கமாக இருந்தது. குழந்தை சொன்னதையாவது காதில் வாங்கியிருக்கலாம்.

சில நாள் கழித்து செவ்வந்தி மறுபடியும் தங்கையைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. பொட்டுவைக் கயலியிடம்தான் விட்டாள். இந்த முறை கரையான் புற்றையும், புல்விதை கிடக்கும் இடத்தையும், புழுதிக் குழியையும் நேரிலேயே கூட்டிப்போய்க் காட்டினாள். தண்ணீர் குடிக்க மட்டும் என்றாள். கயலி எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள், புரியாததைக் கேட்டாள்.

அன்று பொட்டு வயிறு முட்டத் தின்று, புழுதியில் புரண்டு, கயலியின் மடியில் தூங்கிப்போனாள். கயலி அவளை நக்கிவிட்டு, வாய் நிறையத் தூசியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பொறுப்பை ஒருவரிடம் விட்டுப் போகிறவர், தனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று நினைத்துவிடாமல், செய்ய வேண்டியதை விளங்கச் சொல்ல வேண்டும்.