நீங்கள்தானா என்று கேட்ட போன்

நாவல் மரத்தின் உச்சிக் கிளையில் செவலை என்ற மலையணில் வாழ்ந்து வந்தது. மரத்தடியில் ஒரு குளம். குளத்தில் பாறையன் என்ற ஆமை. கரையோரத்து ஆலமரத்தில் மணிமொழி என்ற மைனா. மூன்றும் இணைபிரியாத தோழர்கள்.

குன்றின் மேல் டவர் வந்த பிறகு காட்டில் எல்லோர் கையிலும் போன் இருந்தது. கை இல்லாதவர்கள் காலாலும் அலகாலும் சமாளித்தார்கள். விடிந்தால் போதும், எல்லோரும் ‘கனிக்கோட்டை’ ஆட உட்கார்ந்துவிடுவார்கள். அந்த விளையாட்டில் பழம் சேர்க்க வேண்டும். பழத்தைக் கொடுத்துக் கல் வாங்கிக் கோட்டை கட்ட வேண்டும். பிறகு அந்தக் கோட்டையை வைத்து மற்றவர்களோடு மோத வேண்டும்.

நம் தோழர்கள் மூவருக்கும் ஒரே கோட்டை. செவலையின் போனில்தான் மாற்றி மாற்றி ஆடினார்கள். அதனால் கணக்கும் செவலையின் பெயரிலேயே இருந்தது. கோபுரங்களை மணிமொழி கட்டியது. அகழியைப் பாறையன் வெட்டியது. பழக்கிடங்கைச் செவலை நிரப்பியது. போன மழைக்காலம் முழுக்க உழைத்து எழுப்பிய கோட்டை அது. மறுநாள் எதிர்க்கரைக் கீரிகளோடு பெரிய போட்டி. குளத்தைச் சுற்றி அதே பேச்சுதான்.

அன்று காலை செவலை நாவல் பழத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. போன் ‘டிங்’ என்றது.

“உங்கள் கனிக்கோட்டைக் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள். நீங்கள்தானா? ஆம், இல்லை.”

“நான் இங்கே சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன்!” என்று செவலை சிரித்தது. ‘இல்லை’யைத் தட்டியது.

இரண்டு கடி கடிப்பதற்குள் மறுபடியும் ‘டிங்’. “நீங்கள்தானா?”

“இல்லை!”

மறுபடியும் ‘டிங்’. “நீங்கள்தானா?”

“இல்லை என்றுதானே சொன்னேன்! காது கேட்காதா உனக்கு?” என்று செவலை போனைப் பார்த்துக் கத்தியது. போன் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை ‘டிங்’ என்றது.

செவலை பழத்தைப் போட்டுவிட்டு மரத்திலிருந்து விறுவிறுவென்று இறங்கியது. கரையில் பாறையன் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“பாறையா, நீயா?”

“எது நானா?”

“என் கணக்கில் நுழையப் பார்ப்பது!”

“நான் ஓட்டுக்குள்ளேயே நுழைய முடியாமல் திணறிக்கொண்டிருக்கிறேன். நேற்றுச் சாப்பிட்ட பாசி அப்படி! உன் கணக்கில் எனக்கு என்ன வேலை?”

செவலைக்கு அது சரியென்றே பட்டது. ஆனால் போன் விடவில்லை. செவலை வாலைச் சுருட்டியது, விரித்தது. மரத்தில் ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு ‘டிங்’குக்கும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று தட்டித் தட்டி அதன் விரல் வலித்தது.

“ஒருவேளை நான்தானோ?” என்று திடீரென்று அதற்கே சந்தேகம் வந்துவிட்டது. “போனில் எதையாவது தெரியாமல் அமுக்கிவிட்டேனோ? நான்தான் என்னைத் தேடுகிறேனோ?”

“நீ இங்கே இருக்கிறாய். போனும் உன் கையில் இருக்கிறது. பிறகு எப்படி அது நீயாகும்?” என்றது பாறையன்.

“அப்படியானால் யார்?”

“அதுதான் எனக்கும் தெரியவில்லை” என்று பாறையன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்போது மணிமொழி பறந்து வந்து பக்கத்தில் அமர்ந்தது. முந்தின நாள்தான் அதற்கும் செவலைக்கும் வாய்த் தகராறு. கோபுரத்தை இன்னும் உயர்த்த வேண்டும் என்றது மணிமொழி. பழத்தை வீணாக்க முடியாது என்றது செவலை. அந்த நினைப்பு இப்போது செவலையின் மண்டையைக் குடைந்தது.

“மணிமொழி! நான் பாஸ்வேர்டு போடும்போது நீ என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்?”

“ஆமாம். எப்போதும் அங்கேதானே உட்காருவேன்!”

“அப்படியானால் நீதான்! எனக்குத் தெரியாமல் உள்ளே போய்க் கோபுரத்தை உயர்த்தப் பார்க்கிறாய்!”

மணிமொழி திகைத்துப் போனது. “என்னடி சொல்கிறாய்? வேண்டுமென்றால் உன்னிடமே கேட்டு ஆடியிருக்க மாட்டேனா? நான் இல்லை, செவலை. சத்தியமாக நான் இல்லை!”

“பின்னே யார்? பாறையன் இல்லை, நான் இல்லை. மிச்சம் நீ ஒருத்திதானே!”

மணிமொழியின் கண் கலங்கியது. சிறகை விரித்து ஆலமரத்துக்கும் அப்பால் பறந்து போனது.

“தப்பு செய்துவிட்டாய்” என்றது பாறையன்.

“செய்தேனா? இல்லையா? எனக்கு எதுவுமே புரியவில்லையே!” என்று செவலை தலையைப் பிடித்துக்கொண்டது.

இதையெல்லாம் குளத்துக்கு மறுபுறம், இலவ மரத்தின் அடர்ந்த இலைகளுக்குள் ஒரு கரிச்சான் கேட்டுக்கொண்டிருந்தது. கரிச்சானுக்கு ஒரு திறமை உண்டு. யார் குரலிலும் அப்படியே பேசும். கழுகு மாதிரி கத்தி மற்ற பறவைகளை விரட்டிவிட்டு, அவை போட்டுவிட்டு ஓடும் புழுவைத் தின்று கொழுத்த பறவை அது. இப்போது அதன் காலடியில் இரண்டு சிம் போட்ட ஒரு போன் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் செவலையின் போன் மணியடித்தது. தெரியாத நம்பர்.

“கனிக்கோட்டைத் தலைமை அலுவலகத்திலிருந்து யானை பேசுகிறேன்!” என்று ஒரு கனத்த குரல் முழங்கியது. “உங்கள் கணக்கைத் திருடப் பார்க்கிறார்கள். பயப்படாதீர்கள். அடுத்த முறை கேள்வி வந்தால் ‘ஆம்’ என்று தட்டுங்கள். உடனே நாங்கள் திருடனைப் பிடித்துவிடுவோம்.”

“ஐயா, வருவது திருடன் என்கிறீர்கள். திருடனுக்கு எப்படி ‘ஆம்’ என்று சொல்வது?”

“அப்போதுதானே அவன் உள்ளே வருவான்! வந்தால்தானே பிடிக்கலாம்!”

செவலை மேலே பார்த்தது, கீழே பார்த்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கோ இடித்தது.

“நான் யோசித்துச் சொல்கிறேன், ஐயா.”

“யோசிக்க நேரம் இல்லை!” என்று யானை அதட்டியது. செவலை பயந்து போய் இணைப்பைத் துண்டித்தது. மறு நொடியே ‘டிங்’, ‘டிங்’ என்று கேள்விகள் மறுபடியும் தொடங்கின. ‘இல்லை’, ‘இல்லை’ என்று செவலை தட்டிக்கொண்டே இருந்தது.

மீண்டும் மணியடித்தது. இந்த முறை வேறொரு நம்பர்.

“செவலை, நான் மணிமொழி பேசுகிறேன்” என்றது விசும்பும் குரல்.

செவலை துள்ளி எழுந்தது. “மணிமொழியா! இது யார் நம்பர்?”

“என் போனில் சார்ஜ் இல்லை. கொக்கின் போனிலிருந்து பேசுகிறேன். நீ சொன்னது சரிதான், செவலை. நான்தான் நுழையப் பார்த்தேன். கோபுரத்தை உயர்த்தி உன்னை அசத்த நினைத்தேன். நீ கோபித்துக்கொண்டதும் சொல்லப் பயமாகிவிட்டது.”

செவலைக்கு நெஞ்சிலிருந்து பெரிய கல் இறங்கியது போல இருந்தது. அப்பாடா! ஒருவழியாகப் புரிந்துவிட்டது! “இதற்காகவா அழுகிறாய்? நேரே கேட்டிருக்கலாமே! என்மேல் கோபம் இல்லையே?”

“இல்லை. இப்போது கேள்வி வரும். ‘ஆம்’ என்று தட்டு. கோபுரத்தை முடித்துவிடுகிறேன்.”

‘டிங்’. “நீங்கள்தானா?”

செவலை ‘ஆம்’ என்று தட்டியது. போன் அமைதியாகிவிட்டது.

“பார்த்தாயா பாறையா, எல்லாம் சரியாகிவிட்டது!” என்று செவலை மரத்தடி வேரில் சாய்ந்து படுத்தது.

அப்போது சிறகடிக்கும் சத்தம் கேட்டது. மணிமொழி வந்து இறங்கியது. அதன் காலில் அதன் போன் இருந்தது. திரையில் சார்ஜ் நிறைய இருந்தது.

“நீ என்னை நம்பவில்லை என்றாலும் நாளைக்குப் போட்டி இருக்கிறது. அதனால் வந்தேன்” என்று மணிமொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது.

“கொக்கின் போனை அதற்குள் கொடுத்துவிட்டாயா?” என்று செவலை கேட்டது.

“எந்தக் கொக்கு?”

“இப்போதுதானே என்னிடம் பேசினாய்?”

“நான் எங்கே பேசினேன்? ஆற்றங்கரை வரைக்கும் போய் அழுதுவிட்டு வருகிறேன்!”

செவலைக்குத் தலை சுற்றியது. மணிமொழி பேசியது. மணிமொழி பேசவில்லை. இரண்டும் எப்படி உண்மையாகும்?

பாறையன்தான் முதலில் போனை எட்டிப் பார்த்தது. “ஐயோ! கிடங்கைப் பாருங்கள்!”

பழக்கிடங்கு கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தது. மாம்பழம் போனது, பலா போனது, கொய்யா மொத்தமாகப் போனது. எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

“போச்சு! எல்லாம் போச்சு!” என்று செவலை அலறியது.

“அலறாதே! நீயும் இன்னும் உள்ளேதான் இருக்கிறாய். பாஸ்வேர்டை மாற்று!” என்று பாறையன் கத்தியது.

“மாற்றினால் திருடன் போய்விடுவானா?”

“அது எனக்குத் தெரியாது. நீ மாற்று!”

செவலை அவசரமாகத் திரையைத் தடவியது. எதையோ தட்டியது, வேறு எதுவோ திறந்தது. மணிமொழி கோபத்தை மறந்து திரையருகே குனிந்தது. “அங்கே இல்லை, மேலே! மேலே சக்கரம் மாதிரி இருக்கிறது பார், அதைத் தொடு! நான் பார்க்க மாட்டேன், நீ போடு” என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

செவலை புதிய பாஸ்வேர்டைப் போட்டது. அதன் கீழே, ‘மற்ற எல்லாப் போன்களிலிருந்தும் வெளியேறவா?’ என்று கேட்டது. செவலையின் விரல் அந்தரத்தில் நின்றது. மறுபடியும் ஒரு கேள்வி! இதற்கு ஆமாவா, இல்லையா?

“இது நீயாகத் தேடிப் போன இடம். உன்னைத் தேடி வந்த கேள்வி இல்லை. தட்டு!” என்றது பாறையன்.

செவலை தட்டியது. பழங்கள் போவது நின்றது. கிடங்கின் மூலையில் கொஞ்சம் இலந்தைப் பழம் மட்டும் மிஞ்சியிருந்தது. கோபுரங்களும் அகழியும் அப்படியே நின்றன. திருடன் உள்ளே வந்ததும் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் கோட்டையே அவனுடையதாகியிருக்கும். பழத்தைக் கண்டதும் ஆசை தாங்காமல் அள்ளப் போய்விட்டான்.

அதே நேரம் இலவ மரத்திலிருந்து ஒரு யானை பிளிறியது. பிறகு அதே மரத்திலிருந்து மைனா ஒன்று திட்டியது. கடைசியில் கரிச்சான் தன் சொந்தக் குரலிலேயே, “என்னை வெளியே தள்ளிவிட்டார்களே!” என்று கத்தியது. மூன்றும் திரும்பிப் பார்த்தன. கரிச்சான் போனைத் தூக்கிக்கொண்டு பறந்தோடியது.

“அதற்கு உன் பாஸ்வேர்டு எப்படித் தெரிந்தது? யாரிடமாவது சொன்னாயா?” என்று மணிமொழி கேட்டது.

“யாரிடமும் சொல்லவில்லை!” என்றது செவலை. கொஞ்சம் யோசித்தது. அதன் காது தொங்கியது. “போன வாரம் ஒரு மெசேஜ் வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் தங்கப் பழம் இலவசம் என்று. போட்டேன். பழம் வரவேயில்லை.”

“அப்படியானால் இன்று காலையில் முதல் கேள்வி வந்தபோதே சாவி அதன் கையில் இருந்திருக்கிறது. நீ ‘இல்லை’ என்று சொன்ன வரைக்கும்தான் கதவு மூடியிருந்தது” என்றது பாறையன்.

மறுநாள் போட்டியில் கிடங்கில் பழமே இல்லை. உடைந்த சுவரைக் கட்டக் கல் வாங்க முடியவில்லை. கீரிகள் வென்றன. எதிர்க்கரை முழுக்க ஒரே கும்மாளம்.

மூன்று தோழர்களும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். “என்னை மன்னித்துவிடு, மணிமொழி” என்றது செவலை.

மணிமொழி தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னது: “பழம் போனால் மறுபடி சேர்க்கலாம், செவலை. நான் நேரில் வந்து சத்தியம் செய்தேன், நீ நம்பவில்லை. எவனோ என் குரலில் பேசினான், உடனே நம்பிவிட்டாய். அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.”

செவலைக்கும் அது புரியவில்லை. அது மணிமொழியின் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தது. மணிமொழி விலகிப் போகவில்லை.

நாம் தட்டாத கதவு ‘நீங்கள்தானா?’ என்று எத்தனை முறை கேட்டாலும் ‘இல்லை’ என்றே சொல்லி உடனே பூட்டை மாற்ற வேண்டும். ‘ஆம்’ என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுபவன் எவ்வளவு பழகிய குரலில் பேசினாலும் திருடனே.