கேரம் கோப்பை

"சுபா அக்காவோட மாடல் ஜெயிச்சிடுச்சாம்."

"யாரை?"

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் முதுகலை மாணவிகள் இருவர் பேசிக்கொண்டது சுபாஷிணியின் காதில் விழுந்தது. அவர்கள் பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த 'யாரை' மட்டும் அவளோடு மாடியேறி வந்தது.

பேராசிரியர் தணிகாசலத்தின் ஆய்வகத்தில் அவள் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி. ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர்களுக்குப் பயந்த முகங்களின் படங்களைக் காட்டி, அவர்கள் மூளையில் எந்தப் பகுதி எந்தப் பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. மூளை வாய் திறந்து சொல்லாது. இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம் என்று சில மாடல்களை வரைந்து, எது ஸ்கேன் தரவுக்கு அதிகம் பொருந்துகிறது என்று கணினியை ஒப்பிடச் சொல்ல வேண்டும். பார்வைப் பகுதி முகத்தைப் பார்த்துவிட்டு அச்சப் பகுதிக்குச் சொல்கிறது என்பது அவளுடைய மாடல்.

முடிவைப் பின்லாந்தில் நடக்கும் ஹெல்சிங்கி மாநாட்டுக்கு அனுப்ப அன்று மாலை ஆறு மணி கடைசி. திருச்சி வெயிலில், அவள் நாற்காலியின் முதுகில் புது ஸ்வெட்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், மூணு மாடலை ஒப்பிட்டேன். என்னோடதுக்குத் தொண்ணூற்றேழு சதவீதம் வாய்ப்பு. மூளையில நடக்கிறது இதுதான்னு எழுதிடலாமா?"

பேராசிரியர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"மத்த ரெண்டு?"

"ஒண்ணுல பகுதிகளுக்கு நடுவுல இணைப்பே கிடையாது. இன்னொண்ணுல அம்புக்குறி எல்லாம் தலைகீழ்."

"நம்ம லேப்ல ஜெபஸ்டின் ஒண்ணு வெச்சிருந்தானே? பார்வைப் பகுதிக்குத் தெரியறதுக்கு முன்னாடியே குறுக்கு வழியில அச்சப் பகுதிக்குச் செய்தி போயிடுதுன்னு?"

"அவன் வேலையா இருந்தான் சார். தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

"நல்ல மனசு" என்றார் பேராசிரியர். "மூணு மணிக்கு வா. சொல்றேன்."

மூன்று மணிக்குப் போனாள். மேசைமேல் தங்க நிறப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்று நின்றது. அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'இந்நிறுவனத்தின் தலைசிறந்த கேரம் வீரர் பேராசிரியர் தணிகாசலம்.'

சுபாஷிணி இரண்டு முறை படித்தாள். அந்த நிறுவனத்தில் கேரமில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. பேராசிரியரை அவள் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டே ஜெயித்திருக்கிறாள்.

"இது எப்போ சார் நடந்தது?"

"சாப்பிட்டதும். மூணு பேர், ரெண்டு ரெண்டு பேரா ஆடினோம்."

"யார் யாரு?"

"நான். அக்கவுண்ட்ஸ் பரமானந்தம்."

"அவருக்கு வலது கையில மாவுக்கட்டு சார்!"

"இடது கையால ஆடினார். ஸ்ட்ரைக்கர் ரெண்டு தடவை ஜன்னலுக்கு வெளியே போயிடுச்சு."

"மூணாவது?"

"நார்வேலேர்ந்து ஒரு விருந்தினர் வந்திருக்காரே, அவர். கேரம் போர்டையே அப்பதான் பார்க்கிறார். கடைசிவரைக்கும் என் காயைத்தான் போட்டார்."

சுபாஷிணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"சிவப்புக் காயை நீங்க ஒரு நாளும் போட்டதில்லையே சார்?"

"இன்னிக்கும் போடலை. நார்வேக்காரர் போட்டுக் கொடுத்தார்."

"இது போங்கு சார்."

"என்ன போங்கு? காயை எண்ணித்தான் முடிவு சொன்னோம். யார் யார் ஆடினாங்கன்னு நீ கேட்டதும் மறைக்காம சொல்லிட்டேன்."

"என்னை ஏன் கூப்பிடலை?"

"நீ வேலையா இருந்தே. தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

"ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே!"

"வந்திருப்பே" என்றார் பேராசிரியர். "அதனாலதான் கூப்பிடலை."

சுபாஷிணி விறுவிறுவென்று ஆய்வகத்துக்குத் திரும்பினாள்.

ஜெபஸ்டின் காதில் இயர்போனும் வாயில் முறுக்குமாக உட்கார்ந்திருந்தான். அவள் இயர்போனைப் பிடுங்கினாள்.

"உன் மாடலைக் கொடு."

"எதுக்கு?"

"என்னோடதோட சேர்த்து ஒப்பிட."

அவன் முறுக்கு மெல்வதை நிறுத்தினான். "ரெண்டு மணி நேரம் ஓடும். என்னோடது ஜெயிச்சுட்டா? ஆறு மணிக்குள்ள திருப்பி எழுத முடியாது சுபா."

"தெரியும்."

"ஸ்வெட்டர் வேற வாங்கிட்டே."

"கொடைக்கானல் போறப்போ போட்டுக்கிறேன். கொடுடா."

நான்கு மாடல்களையும் கணினியில் ஏற்றி ஓட விட்டாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று நகர மனமில்லாததுபோல நகர ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓய்வறைக்குப் போய் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரின் அறைக்குள் நுழைந்தாள்.

"ரெண்டு மணி நேரம் இருக்கு சார்."

பேராசிரியர் போர்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கோப்பையில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பவுடர் டப்பாவைத் திறந்தார்.