படி எடுக்காதே

குரு என்றால் வெண்தாடி இருக்கும் என்பது நாடெங்கும் வேரூன்றிவிட்ட பிழையான நம்பிக்கை. தலைமுறைகளைக் கெடுத்த இந்தப் பிழையை இங்கேயே திருத்துவது கடமை. இந்தக் கதையில் தாடி சீடருக்கு. குரு, மடத்தின் தலைவி யோகாம்பிகை அம்மை, வயது நாற்பது. சீடர் சிற்சபேசன் அறுபதைத் தாண்டியவர், முன்னாள் தமிழாசிரியர், இப்போது மடத்து அருங்காட்சியகத்தின் காப்பாளர்.

அருங்காட்சியகத்துக்கு யாரும் வருவதில்லை. தை பிறந்ததும் அதைக் காலி செய்து பந்திக்கூடம் ஆக்கிவிடலாம் என்று மடத்து நிர்வாகிகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிற்சபேசன் அம்மையிடம் வந்தார்.

“தாயே, சாமிகள் இருந்த இடத்தில் சாம்பார் வாளி வைக்கப் போகிறார்கள். என்ன செய்யட்டும்?”

“எல்லாவற்றையும் படம் பிடித்தீர்களே, எங்கே?”

“கணினியில், தாயே. கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“இணையத்தில் போடுங்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், காசு வேண்டாம், கேட்கவும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.”

சிற்சபேசனின் தாடி நடுங்கியது.

“எதற்கு வேண்டுமானாலுமா? நம் பழைய தேரிலிருந்து எடுத்து வைத்த மர யாளியை எவனாவது முறுக்குப் பொட்டலத்தில் அச்சடிப்பான்!”

“முறுக்கு நன்றாக இருக்குமா?”

“விளையாடாதீர்கள், தாயே. ஆயிரம் வருஷத்து யாளி!”

முந்நூறுதான். கோபம் வந்தால் அவருடைய காலக்கணக்கு தாராளமாகிவிடும்.

“யாளியை நேரில் பார்த்தவர் உண்டா?” என்றார் அம்மை.

“அதெப்படி? அப்படி ஒரு விலங்கே கிடையாதே.”

“அப்புறம் நம் தச்சன் எதைப் பார்த்துச் செதுக்கினான்?”

“அவனுக்கு முந்தியவன் செதுக்கிய யாளியை.”

“அந்த முந்தியவன்?”

“அவனுக்கும் முந்தியவனுடையதை.”

“யாராவது அனுமதி வாங்கினார்களா?”

சிற்சபேசன் தாடியைத் தடவினார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

“எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நமக்கென்று என்ன மிஞ்சும், தாயே?”

அம்மை எழுந்து அருங்காட்சியக வாசலுக்கு நடந்தார். சிற்சபேசன் பின்னால் போனார். அங்கே ஒரு கரும்பலகையில், அவரே அழகாக எழுதிய வாசகம்:

‘இவற்றைப் படி எடுக்காதே.’

அம்மை முந்தானை நுனியை நனைத்து, கடைசிச் சொல்லை மட்டும் துடைத்தார்.

“மிஞ்சியதை வாசியுங்கள்.”

“இவற்றைப் படி.”

“ஒற்றுப் பிழை உண்டா, புலவரே?”

சிற்சபேசன் பலகையை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். இலக்கணம் அவரைக் கைவிட்டிருந்தது.

“இல்லை, தாயே.”

“அப்புறம் என்ன தயக்கம்?”

அன்று மாலையே கடவுச்சொல் நீங்கியது; படங்கள் இணையத்தில் ஏறின. ஆவணியில் யாளி எங்கோ ஒரு பள்ளிக்கூடச் சுவரில் ஏறியது. ஐப்பசியில் ஒருவர் தோளில் பச்சை குத்தலாக இறங்கியது. கார்த்திகையில், சிற்சபேசன் சொன்னது சொன்னபடியே, முறுக்குப் பொட்டலத்தில், மடத்தின் பெயரோடு வந்தது.

தைப் பொங்கலுக்கு மறுநாள் அருங்காட்சியக வரிசை தேர்முட்டியைத் தாண்டி நின்றது. பிள்ளைகள் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, “தாத்தா, இது எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். சிற்சபேசன் குரல் கம்மும்வரை வழி சொன்னார். பந்திக்கூடத்துக்கு நிர்வாகிகள் வேறு இடம் பார்த்தார்கள்.

வாசலில் இப்போது இரண்டாவதாக ஒரு பலகை தொங்குகிறது: ‘உள்ளே முறுக்கு தின்னாதே.’