வாய்க்காலின் மேல் ஒரு முதுகு

அந்தக் காலத்தில் ஆங்கிலச் சொற்களுக்குக் கால்கள் இருந்தன, பேச்சும் இருந்தது. மலைப்பக்கம் பிறந்த அவை கீழே வாக்கிய நகரத்துக்குப் பிழைக்க வந்தன. நகரத்துக்கு முன்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. அகலம் அதிகமில்லை. ஆனால் இழுப்பு உண்டு. கரைக்கல் முழுக்கப் பாசி.

முன்பின் தெரியாத ஓர் ஆள் தனியாக வந்தால் நகரம் அப்படியே உள்ளே விடாது. முன்னால் யாராவது போய், இன்னார் ஒருவர் வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்தவள் பெயர் ‘ஏ’. எழுத்துத் தெருவில் முதல் வீட்டுக்காரி. மெலிந்த உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால். கூட்டமாக வருகிறவர்களுக்கு அவள் தேவையில்லை. தண்ணீர், மணல் போல எண்ணிச் சொல்ல முடியாதவர்களுக்கும் தேவையில்லை. வந்தவர் ஊருக்குத் தெரிந்தவராகிவிட்டால் அப்புறம் வாசல்காரி ‘தி’ கூட்டிக்கொண்டு போவாள். ஏ அடுத்த அந்நியரை அழைக்கத் திரும்ப ஓடிவருவாள்.

அவள் கணவன் பெயர் ‘என்’. அதே தெருவில் பதினான்காம் வீடு. பதினாலான் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஏ ஒரே தாவலில் அக்கரைக்குப் போய்க் கையை நீட்டுவாள். பதினாலான் வாய்க்காலின் குறுக்கே குப்புறப் படுத்துக்கொள்வான். வருகிறவர் அவன் முதுகில் கால் வைத்துக் கடப்பார். கல்யாணமான நாளிலிருந்து யார் வந்தாலும் இதுதான் வழக்கம். இருவரையும் சேர்த்து ஊர் ‘ஆன்’ என்று அழைத்தது.

உயிரொலியில் பெயர் தொடங்குகிறவர்கள் வெறுங்காலில் வந்தார்கள். ஆப்பிள் உருண்டு போனதே தெரியாது. எலிஃபண்ட் கனம்தான், ஆனாலும் பாதம் மெத்தென்று இருக்கும். மற்றவர்களுக்கு ஆணியடித்த பூட்ஸ். டாக், டிரம், கிங். கிங் நடுமுதுகில் நின்று கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார்.

“ஏம்மா, பலகை ஆடுதே.”

“பலகை இல்லீங்க. என் வீட்டுக்காரர்.”

“அப்படியா. ஆடாம இருக்கச் சொல்லு.”

அன்று மாலை பதினாலானின் முதுகுக்கு எண்ணெய் தடவியபோது ஏயின் விரல்கள் சிவப்பாயின.

“பூட்ஸ் போட்டவங்களுக்கு ஆணி பிடிச்சுக்குது. பாசியில வழுக்காது. அவங்களுக்கு நீங்க எதுக்குப் படுக்கணும்?”

“வழக்கம்.”

“இன்னும் பத்து பூட்ஸ் ஏறினா இது முறிஞ்சிடும். அப்புறம் வழக்கம் வந்து கஞ்சி ஊத்துமா?”

“உன்னால தனியா ஒரு நிமிஷம் நிக்க முடியாதே.”

“யாரு நிக்கப் போறா? போயிட்டு வந்துடுவேன்.”

மறுநாள் அவன் கரையில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ்காரர்களுக்கு ஏ தனியாகப் போனாள். கேட் வந்தது, டேபிள் வந்தது. தாமாகவே கடந்துவிட்டன. அவள் மட்டும் போகும்போதும் வரும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புண்ணில் பொருக்கு கட்டியது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் ஹவர் வந்தார். காலில் எட்டாம் வீட்டு ‘எச்’சின் பூட்ஸ், பளபளவென்று.

“சீக்கிரம்மா. நான் நின்னா எல்லாம் நின்னுடும்.”

பதினாலான் பாதி எழுந்தான். “இரு. பூட்ஸ் சத்தமே வரல.”

“பூட்ஸ்தான் தெரியுதே. உட்காருங்க.”

“உனக்குத் தெரியுது. தரைக்குத் தெரியல.”

அவள் அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். தாவி அக்கரைக்குப் போனாள். கையை நீட்டினாள்.

ஹவர் கல்லில் கால் வைத்தார். பாசி வழுக்கியது, கால் அங்கே இல்லை. தண்ணீர் அவரைப் புரட்டி மதகுப் பக்கம் இழுத்துப் போனது. பதினாலான் குதித்தான். மதகு வாயில் இரண்டு சுவருக்கும் நடுவே குறுக்காக முட்டுக்கொடுத்து நின்றான். ஹவர் வந்து அவன் முதுகில் மோதினார். கட்டிய பொருக்கெல்லாம் பிய்ந்து தண்ணீர் சிவந்தது. ஏ கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

இருவரும் கரையேறியதும் ஹவர் இருமிக்கொண்டே பூட்ஸைக் கழற்றிக் காட்டினார். மேல்தோல் மட்டும் இருந்தது. அடியே இல்லை.

“பரம்பரைப் பூட்ஸ். போட்டுக்கறது, அவ்வளவுதான். நடக்கறதெல்லாம் வெறுங்கால்ல. எழுத்துல ஹவர், வாயில ‘அவர்’.”

“முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“யாரு கேட்டா? காலைப் பார்த்த, கையை நீட்டின.”

சத்தம் கேட்டு வாசல்காரி தி வந்தாள். பதினாலானின் முதுகை அவள் பார்க்கவில்லை.

“ஒண்ணு, எல்லாருக்கும் ரெண்டு பேரா வாங்க. இல்ல, எல்லாருக்கும் நீ தனியா வா. ஆளுக்கு ஒரு மாதிரின்னா ஊர் தாங்காது. நான் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே வரேன்?”

ஏ கணவனைப் பார்த்தாள். இருவருமாகப் போனால் முதுகு போய்விடும். தனியாகப் போனால் வெறுங்கால்காரர்கள் ஒவ்வொருவராக மதகுக்குப் போவார்கள்.

“நான் இனிமே காலைப் பார்க்கலை” என்றாள். மலைப்பாதைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். அப்படி நிற்பது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. விரல்கள் முந்தானையைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தன.

பாதையில் யூனிவர்சிட்டி வந்துகொண்டிருந்தாள். நெடிய உருவம், தரையைக் கூட்டும் அங்கி. எழுத்தில் ‘யு’ என்ற உயிரில் தொடங்கும் பெயர், அதனால் பார்வைக்கு வெறுங்கால்.

தி சொன்னாள்: “வெறுங்கால். அவரைப் படுக்கச் சொல்லு.”

பதினாலான் கையை ஊன்றி எழப் பார்த்தான்.

“படுக்காதீங்க” என்றாள் ஏ, திரும்பாமல். “இரும்பு கேக்குது.”

யூனிவர்சிட்டி அங்கியைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே இருபத்தைந்தாம் வீட்டு ‘ஒய்’யின் லாடம் மின்னியது. கல்லில் டக் டக்கென்று வைத்துத் தானே கடந்து போனாள்.

தி அந்த லாடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு வாசலைத் திறந்துவிட்டாள்.

வன்மையான காலடிக்கு முன்னால் ஏ தனியாகவும், வெறுங்கால் ஓசைக்கு முன்னால் பதினாலானோடு சேர்ந்து ஆன் ஆகவும் போவது அன்றைக்குத் தொடங்கியதுதான். எழுதியிருப்பதை அவள் நம்புவதில்லை, காதில் விழுவதைத்தான் நம்புகிறாள். தனியாகப் போகும் நேரங்களில் அவள் வாயைச் சரியாகத் திறப்பதுகூட இல்லை. பேருக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு, அது முழுதாக வெளியே வருமுன், கரையில் உட்கார்ந்திருப்பவனிடம் ஓடிவிடுகிறாள்.