அறுபதில் திறந்த கதவு

"டீச்சர், பெத்த தாயையே கதவு உள்ள விட மாட்டேங்குது!"

மூச்சிரைக்க வந்து நின்றார் அருள்தாஸ். ஐம்பது வயதுக்கு மேல் கணினி நிரல் எழுதக் கற்க வந்த சீடர். குரு இசக்கியம்மாளுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

நூல் மில்லின் பிள்ளைக் காப்பகத்துக்கு அருள்தாஸ் செய்த கதவு அது. கேமரா தாயின் முகத்தைப் பார்க்கும். பதிந்துவைத்த படத்தோடு நூற்றுக்கு எண்பது ஒத்துப்போனால் பேர் சொல்லித் திறக்கும்.

"யாரை விடலை?"

"பேச்சித்தாயை. அவ ஷிப்டுல கைப்பிள்ளைக்காரி அவ ஒருத்திதான். பன்னெண்டு பேரும் திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுட்டு வந்திருக்காளுக."

"நீங்க என்ன செஞ்சீக, அண்ணே?"

"எண்பதை அறுபதாக்குனேன். 'வாங்க பேச்சித்தாய்'னு திறந்துருச்சு."

"பெறகென்ன?"

"பின்னால வந்தவளையும் 'வாங்க பேச்சித்தாய்'ங்குது. அடுத்தவளையும். அவளுகளுக்கு ஒரே சிரிப்பு. ஆளாளுக்கு 'நாந்தான் பேச்சித்தாய்'ங்காளுக. ஆயா இன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்தவ. பயந்துபோய்ப் பிள்ளையைத் தர மாட்டேங்கா. எனக்கே இப்ப எவ பேச்சித்தாய்னு தெரியல."

"ம்."

"எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னேன். வாசல்ல ஈ காக்கா இல்ல. அப்பவும் 'வாங்க பேச்சித்தாய்'னு திறந்துச்சு, டீச்சர்."

"ஆளே இல்லாமலா?"

"எதிர்க் கட்டடத்துல திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குது. முழிச்ச கண்ணும் கோரப் பல்லுமா. காத்துல அது இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கதவு திறக்குது."

இசக்கியம்மாள் எழுந்து நடந்தாள். அருள்தாஸ் பின்னாலேயே ஓடினார்.

"எந்த எண் வைக்கட்டும், டீச்சர்?"

காப்பகத்து வாசலில் பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தினாள்.

"ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது."

ஒரே பச்சை மில் கோட்டு. சந்தனம் பூசிய பன்னிரண்டு தலைகள். கேமராவை வயரோடு கழற்றி, ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டே போனாள்.

"வாங்க பேச்சித்தாய். வாங்க பேச்சித்தாய். வாங்க பேச்சித்தாய்."

ஐந்தாவது முகத்திலேயே சிரிப்பு நின்றுவிட்டது. எட்டாமவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டு முறையும் சொல்லி முடித்தது கதவு.

யாரும் அசையவில்லை. உள்ளே, ஆயாவின் இடுப்பில் இருந்த பேச்சித்தாயின் ஏழு மாதக் குழந்தை யாரையும் பார்க்காமல், பசி தாங்காமல் வீறிட்டது.

"எண் கேட்டீகளே, அண்ணே. வரிசையைப் பாருங்க."

அருள்தாஸ் பார்த்தார்.

ஒன்பதாவதாக நின்றவளின் கோட்டு, மார்பில் நனைந்துகொண்டிருந்தது.