சிறுத்துக்கிட்டே போன ரொட்டி

மழை வர்ற வழியையே மறந்துபோன ஒரு சீமையில ஒரு கோட்டை இருந்துச்சாம். கோட்டைக்குள்ள ராசா, கோட்டைக்கு வெளிய ஊரு. ஆத்துல தண்ணி இல்லை, குளத்துல தண்ணி இல்லை, கெணத்தை எட்டிப் பார்த்தா தவளை செத்துக் காஞ்சு கெடக்கு. முதல்ல மாடு செத்துச்சு, அப்புறம் ஆடு செத்துச்சு, அப்புறம் மனுஷங்களும் ஒவ்வொருத்தரா சாக ஆரம்பிச்சாங்க. பயப்படாதே கண்ணு, கிட்ட வந்து படுத்துக்கோ.

ராசா காதுக்கு சேதி போச்சு. அவன் கெட்டவன் இல்லை, ஆனா கோட்டையை விட்டு வெளிய வரமாட்டான். "களஞ்சியத்துல கோதுமை கெடக்கே, எடுத்து சனங்களுக்குப் போடுங்க"ன்னான். கஞ்சி காய்ச்ச தண்ணிக்கு எங்க போறது? அதனால மாவைக் கெட்டியாப் பிசைஞ்சு, ரொட்டியா சுட்டுக் குடுக்குறதுன்னு முடிவாச்சு. கோட்டை வாசல்லயே களிமண்ணால குகை மாதிரி ஒரு பெரிய அடுப்பு கட்டினாங்க. ராசா, தான் தண்ணி குடிக்கிற செம்பையே எடுத்துக் குடுத்து, "மாவைத் தேய்ச்சு, இதைக் கவுத்து வச்சு வெட்டுங்க. ஒருத்தனுக்குப் பெருசு, ஒருத்தனுக்குச் சிறுசுன்னு இருக்கக்கூடாது. எல்லா ரொட்டியும் இந்தச் செம்பு வாய் அகலம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

மாவு தேய்க்க ஒரு பொம்பளையை வச்சாங்க, அவ பேரு சடச்சி. புருஷன் பஞ்சத்துல போயிட்டான், பூமயிலுன்னு ஒரு சின்ன மக மட்டும் இருந்தா. இதையெல்லாம் பார்த்துக்க ஒரு மேஸ்திரியைப் போட்டாங்க, அவன் பேரு தீத்தாரப்பன்.

சடச்சி விடியிறதுக்குள்ள வந்துருவா. கல்லுப் பலகையில மாவு தூவி, உருட்டுக்கட்டையால விரல் கனத்துக்குத் தேய்ப்பா, செம்பைக் கவுத்து ஒரு அழுத்து அழுத்தி ஒரு திருகு திருகினா, நிலா மாதிரி வட்டமா வந்துரும். வெட்டினது போக மிஞ்சுற ஓரத்தையெல்லாம் கூட்டிப் பிசைஞ்சு மறுபடியும் தேய்ப்பா, மறுபடியும் வெட்டுவா. ஒரு பொட்டு மாவு வீணாகாது. வரிசையில நிக்கிற ஆளுக்கு ஒரு ரொட்டி. வயிறு நிறையாது, ஆனா உசுரு நிக்கும்.

கொஞ்ச நாள் இப்படிப் போச்சு. அப்புறம் ஒருநாள் தீத்தாரப்பன் வந்து, "ஏய் சடச்சி, அந்தச் செம்பு ராசாவோட செம்பு, நசுங்கிப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? இந்தா, இந்தத் தம்ளரை வச்சு வெட்டு"ன்னான்.

"ஐயா, இது சின்னதா இருக்கே?"

"வெட்டுறது உன் வேலை, யோசிக்கிறது என் வேலை. மிஞ்சுற ஓரத்தைத் திருப்பிப் பிசையாதே, இந்தப் பானையில போடு. உன் புள்ளைக்குத் தனியா ஒரு ரொட்டி எடுத்துக்கோ, நான் கேக்கமாட்டேன்."

சடச்சி மகளைப் பார்த்தா. எலும்பும் தோலுமா உக்காந்திருக்கு. ஒண்ணும் பேசாம தம்ளரை வாங்கிக்கிட்டா.

இன்னும் கொஞ்ச நாள் போச்சு, தம்ளர் போயி ஒரு சின்னக் கிண்ணம் வந்துச்சு. சடச்சி ஒண்ணும் பேசலை. அப்புறம் கிண்ணமும் போயி ஒரு அகல்விளக்கு வந்துச்சு. அதுக்கும் அவ ஒண்ணும் பேசலை. ரொட்டி சிறுத்துக்கிட்டே போச்சு, ஓரம் போடுற பானை பெருத்துக்கிட்டே போச்சு.

வரிசையில நின்ன சனங்க கேட்டாங்க, "ஐயா, ரொட்டி ஏன் இப்படி சிறுத்துப் போச்சு?"

"ரொட்டி சிறுக்கலை, பசியில உங்க கண்ணு பெருத்துப் போச்சு. இனிமே யாராவது வாயைத் திறந்தீங்க, இதுவும் கெடையாது"ன்னான் தீத்தாரப்பன். சனங்க வாயை மூடிக்கிட்டாங்க. பசிச்சவனுக்கு சண்டை போட தெம்பு எங்க இருக்கு?

அந்தப் பானை மாவை என்ன பண்ணினான்னு கேக்குறியா? வீட்டுக்குக் கொண்டுபோயி, தானே சுட்டு, கூடை கூடையா அடுக்கி வச்சான். பொண்டாட்டி இல்லை, புள்ளை இல்லை, ஒத்தை ஆளு. "இந்தப் பஞ்சம் இப்போதைக்கு முடியாது. களஞ்சியம் காலியாகட்டும், ராசா முதக்கொண்டு என் வாசல்ல வந்து கையேந்தட்டும்"னு மனசுக்குள்ள ஒரு கணக்கு.

வரிசையில நாச்சின்னு ஒருத்தி கைக்குழந்தையோட நிப்பா. தாய் தின்னாத்தானே புள்ளைக்குப் பால்? நாச்சி ரொட்டியை வாங்கறப்பல்லாம் சடச்சியை ஒரு பார்வை பார்ப்பா, திட்டமாட்டா, பார்ப்பா, அவ்வளவுதான். ஒருநாள் காலையில நாச்சி வந்து நின்னா, கை ரெண்டும் சும்மா தொங்குது. குழந்தை இல்லை. அன்னைக்கும் கையை நீட்டி ரொட்டியை வாங்கிக்கிட்டா, அன்னைக்கும் சடச்சியைப் பார்த்தா, போயிட்டா.

சடச்சிக்குக் கை ஓடலை. "என் புள்ளைக்கு ரெண்டு ரொட்டி, அவ புள்ளைக்குப் பால் இல்லை"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. மறுநாள் விடியக்காலையில, மூலையில கெடந்த ராசாவோட செம்பைத் தேடி எடுத்து, சாம்பல் போட்டு விளக்கி, அதைக் கவுத்து வெட்ட ஆரம்பிச்சுட்டா. ஓரத்தையும் கூட்டிப் பிசைஞ்சு தேய்ச்சா. சனங்க கையில பழைய அளவு ரொட்டி வந்து விழுந்துச்சு. சிலபேரு அதைக் கையில வச்சுக்கிட்டு அழுதாங்க, திங்காம அழுதாங்க.

தீத்தாரப்பன் வந்து பார்த்தான். பானை காலி. செம்பைப் பிடுங்கி எறிஞ்சான். சடச்சியோட வலது கையைப் பிடிச்சு, கொதிக்கிற அடுப்புச் சுவத்துல வச்சு அழுத்தினான். பூமயில் கத்துது, சனங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்குறாங்க. "போ, நீயும் போயி வரிசையில நில்லு"ன்னு விரட்டிவிட்டான். அவளுக்குப் பதிலா தானே உக்காந்து, அகல்விளக்கை வச்சு வெட்ட ஆரம்பிச்சான்.

அப்புறம் சடச்சியும் மகளும் வெளிய இருந்த புளியமரத்தடியில கெடந்தாங்க, அந்தப் பொட்டு ரொட்டியை வாங்கித் தின்னுக்கிட்டு.

ஒருநாள் தெக்கே இருந்து ஒரு கிழவி நடந்து வந்தா. கண்ணு ரெண்டும் புரை தட்டிப்போயி, குச்சியை ஊனி ஊனி வரிசையில நின்னா. அவ கையில ரொட்டியை வச்சான் தீத்தாரப்பன், நிமிர்ந்துகூடப் பார்க்கலை. கிழவி தடவிப் பார்த்துட்டு, "ஐயா, இது எனக்கா, எறும்புக்கா?"ன்னா.

"வாய் பேசினவளுக்கு அதுவும் இல்லை"ன்னு வெடுக்குனு பிடுங்கிக்கிட்டான்.

கிழவி தள்ளாடித் தள்ளாடி வந்து புளியமரத்தடியில விழுந்தா. சடச்சிக்கு மனசு கேக்கலை, தன் ரொட்டியைப் பிட்டு அவ கையில வச்சு, "எந்த ஊரு பாட்டி? இந்த வெயில்ல எங்க கெளம்பி வந்தே?"ன்னு கேட்டா.

"என் மகன் இங்கதான் கோட்டையில பெரிய வேலையில இருக்கான் தாயி. ஆளனுப்புறேன்னு சொல்லிட்டு வந்தவன், அனுப்பவே இல்லை. பஞ்சத்துல அவன் என்ன ஆனானோன்னு நானே பார்க்க வந்துட்டேன். தீத்தாரப்பன்னு பேரு."

சடச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "இப்ப உன் கையில இருந்து ரொட்டியைப் பிடுங்கினவன் குரலைக் கேட்டியே, உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சு தாயி. குரல் என் மகன் குரல் மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா என் மகன் அப்படிப் பேசமாட்டான்."

சடச்சி விழுந்தடிச்சு ஓடினா. "ஐயா, உங்க அம்மா வந்து மரத்தடியில கெடக்குறா, வாங்க!"

"கையைச் சுட்டதுக்குப் பழி வாங்கப் பார்க்கிறியா? போடி"ன்னான் அவன்.

திரும்பி வந்து பார்த்தா, கிழவிக்கு மூச்சு வாங்குது. மறுபடியும் ஓடினா. "ஐயா, சாகக் கெடக்குறா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க!"

"எங்க அம்மா மரத்தடியில எதுக்குக் கெடக்கணும்? அவ ஊர்ல இருக்கா. போடி"ன்னான்.

திரும்பி வந்து, கிழவி வாய்கிட்ட காதை வச்சுக் கேட்டுட்டு, மூணாவது தடவையும் ஓடினா. "சுக்கா, சுக்கான்னு கூப்பிடுறாய்யா. சின்னதுல சுக்கு மாதிரி ஒல்லியா இருப்பீங்களாம், அதனால சுக்கான்னு கூப்பிடுவாளாம்!"

தீத்தாரப்பன் கையில இருந்த உருட்டுக்கட்டை கீழ விழுந்துச்சு. ஓடினான். ஓடி வந்து மடியில எடுத்துப் போட்டு, "அம்மா, சுக்கான் வந்திருக்கேன்"னான். அம்மாவுக்கு உசுரு இல்லை. சேலை முந்தியில ஒரு முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தா, சடச்சி பிட்டுக் குடுத்த ரொட்டி. ஒரு கடிகூடக் கடிக்கலை.

"ஏன் திங்கலை? எதுக்கு முடிஞ்சு வச்சா?"ன்னு சடச்சியைப் பிடிச்சு உலுக்கினான்.

"மகன் சாப்பிட்டானோ என்னமோ, பார்த்தா குடுக்கணும்னு சொன்னா"ன்னா சடச்சி.

அவன் போட்ட கூச்சல்ல கோட்டைக் கதவு திறந்துச்சு, ராசாவே வெளிய வந்துட்டான். அன்னைக்குத்தான் ராசா சனங்களைக் கண்ணால பார்த்தான். அவங்க கையில இருந்த ரொட்டியையும் பார்த்தான். சடச்சி எல்லாத்தையும் சொன்னா, சொல்லிட்டு, "நானும்தான் வெட்டினேன் ராசா, என் புள்ளைக்காக வாயை மூடிக்கிட்டு வெட்டினேன்"னு தலையைக் குனிஞ்சா. ராசா அவளைப் பார்த்து என்ன சொல்லுவான்? கோட்டைச் சுவத்துக்கு அந்தப் பக்கமே இருந்தவன்தானே அவனும்.

தீத்தாரப்பன் வீட்டைத் திறந்தாங்க. கூடை கூடையா ரொட்டி. எல்லாம் பச்சைப் பூசணம் பூத்து, புழு நெளிஞ்சு, மாட்டுக்குக்கூட ஆகாமப் போயிருந்துச்சு. நாச்சி வாசல்ல நின்னு அதைப் பார்த்தா, திரும்பி நடந்து போயிட்டா.

ராசா அவனை வெட்டலை, கழுவுல ஏத்தலை, சீமையை விட்டுப் போகச் சொல்லிட்டான். ஆனா அவன் கால் போறதுக்கு முன்னாடியே அவன் கதை போயிருச்சு. எந்த ஊர்ல கதவைத் தட்டினாலும், "அம்மாகிட்ட இருந்து பிடுங்கினவனா?"ன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்தினாங்க. எந்த ஊரு எல்லையில விழுந்து செத்தான்னு தெரியாது, அள்ளிப் போட்டது யாருன்னும் தெரியாது.

கிழவியை ஊரே சேர்ந்து அடக்கம் பண்ணுச்சு. சடச்சி சுட்ட கையோட மறுபடியும் மாவு தேய்ச்சா. தினமும் முதல் ரொட்டியை நாச்சிகிட்ட நீட்டிட்டுத்தான் அடுத்த ஆளுக்குக் குடுப்பா. நாச்சி வாங்கிக்குவா. பேசினதே இல்லை, கடைசி வரைக்கும்.

மழையும் ஒருநாள் வந்துச்சு. விதைக்கத்தான் ஊர்ல பாதி ஆளு இல்லை.

அவ்வளவுதான் கண்ணு, அடுப்பும் அணைஞ்சுது, கதையும் அணைஞ்சுது. பசிச்சவன் பங்குல கை வைக்கக்கூடாது, வைக்கிறவனைப் பார்த்துக்கிட்டு சும்மாவும் இருக்கக்கூடாது. கண்ணை மூடிக்கோ.