வாளை ஏந்தி வந்தவர்

இக்கதையைச் சொன்னவர், பூவாணியாற்றுத் தென்கரை மீன்சந்தையில் கடை வைத்திருந்த பேராச்சி அம்மாள். கேட்டது 1983 பங்குனியில், சந்தை கலைந்த பிறகு. அவர் சொன்ன வரிசையே இங்கே பின்பற்றப்படுகிறது.

பூவாணிச் சீமையை ஆண்ட குமாரப் பூபதியின் சபையில் மூன்று மாதமாக ஒரே வழக்கு. அதுவரை சபைக்கு வாளோடு வர விரும்புகிறவர் அரண்மனையிலிருந்து அனுமதி ஓலை வாங்க வேண்டும். அது இனியும் வேண்டுமா, வாள் வெளியே தெரிய வேண்டுமா என்பதில் சபை மூன்றாகப் பிரிந்து கிடந்தது.

"எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கட்டும். யாரிடம் வாலாட்டலாம், யாரிடம் கூடாது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்" என்றது ஒரு கட்சி.

"சால்வைக்குள் இருக்கட்டும். எவனிடம் இருக்கிறது என்று தெரியாதவரை எல்லாரிடமும் பணிவாகப் பேசுவார்கள்" என்றது இன்னொரு கட்சி.

"என் இடுப்பு, என் வாள். நடுவில் ஓலைக்கு என்ன வேலை?" என்றது மூன்றாவது.

மன்னர் உச்சியில் எண்ணெய் வைத்துப் பார்த்தார். சூடு தணியவில்லை. தளவாய் அடைக்கலங்காத்தாரைக் கூப்பிட்டார்.

"மூன்று கட்சியும் வாயை மூடுகிற மாதிரி ஓர் ஆணை எழுதும். முத்திரை வைக்கிறேன். படிக்கச் சொல்லாதீர்."

தளவாய்க்கு வெகுநாளாக ஓர் ஆசை. சபையின் ஓலைநாயகம் சாத்தப்பரை எழுப்பிவிட்டு, அந்த ஆசனத்தில் தம் மைத்துனரை உட்கார வைக்க வேண்டும். ஆணையை இப்படி எழுதினார்:

"சபைக்கு வருவோர் அனைவரும் வாளை ஏந்தியோ மறைத்தோ வரக்கடவர். அனுமதி ஓலை வேண்டுவதில்லை. அஃதின்றி வருவோர் ஆசனம் இழப்பர்."

முத்திரை விழுந்தது.  சாத்தப்பர் வாழ்நாளில் பிடித்த ஒரே ஆயுதம் எழுத்தாணி. அதிலும் வாரம் இருமுறை தம் விரலையே குத்திக்கொள்வார்.

"என்ன ஓலைநாயகமே" என்று தளவாய் பக்கத்தில் வந்தார். "வாளுள்ளவர் இருவர் வாதிட்டால் வாளே தீர்ப்புச் சொல்லும் என்பது இந்தச் சபையின் வழக்கம். நாளை வாளோடு வந்தால் உம்மிடம் எனக்கு ஒரு வாதம் இருக்கிறது. வாள் இல்லாமல் வந்தால் உம் ஆசனத்தில் என் மைத்துனர் இருப்பார். எது சௌகரியம்?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறேன்" என்றார் சாத்தப்பர்.

ஆணையின் படியைக் கையில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்தபடி நடந்தார். ஆசனம் போனால் சோறு போகும், வாளெடுத்தால் தலை போகும் என்ற கணக்கிலேயே மீன்சந்தைக்குள் புகுந்துவிட்டார். அங்கே ஒருத்தி கூவினாள்: "வாளை, வாளை, துள்ளுற வாளை!" (இந்த இடத்தில் பேராச்சி அம்மாள் தம் சொந்தக் கூவலையே கூவிக் காட்டினார்.)

சாத்தப்பர் நின்றார். மீனைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார்.

"ஒன்று கொடு தாயே. நீளமானதாக."

மறுநாள் சபை வாசலில் காவலன் மூக்கைச் சுளித்தான்.

"ஐயா, இடுப்பில் என்னங்க?"

"நீயே சொல்."

"வாளைங்க."

"ஆணையில் எதை ஏந்தி வரச் சொல்லியிருக்கிறது?"

காவலன் வழிவிட்டான். உள்ளே தளவாய் துள்ளி எழுந்தார்.

"மகாராஜா, இது அவமதிப்பு. வாள் என்ற சொல் 'ஐ' உருபு ஏற்று வாளை ஆனது. மீன் எங்கிருந்து வந்தது?"

"ஆற்றிலிருந்து" என்றார் சாத்தப்பர். "மீன் வாங்கினேன் என்கிறோம், மீனை வாங்கினேன் என்றா சொல்கிறோம்? அப்படியே வாளை ஏந்தினேன். தளவாயார் 'கொண்டு' என்று எழுதியிருந்தால் நடுவில் ஒரு 'க்' வந்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். பெரிய மனது பண்ணி 'ஏந்தி' என்று எழுதினார்."

"அப்படியானால் உருவும் அதை. வெட்டும்."

"வெட்டுவது சமையற்காரர் வேலை, தளவாயாரே. நான் ஏந்துவதோடு சரி."

மன்னர் சிரித்த சிரிப்பில் மகுடம் காதுவரை இறங்கியது. சாத்தப்பர் ஆசனத்தில் அமர்ந்தார்.

வினை அதன் பிறகுதான். வாள் கனம், துடைக்க வேண்டும், வாளை லேசு. ஒரே வாரத்தில் பாதிச் சபை மீனோடு வந்தது. வெளியே தொங்கவிட்டவர்களை ஈ மொய்த்தது. சால்வைக்குள் மறைத்தவர்களைப் பூனைகள் பின்தொடர்ந்தன. மறைவுக் கட்சி அன்றோடு கலைந்தது.

"ஓலைநாயகமே, மூச்சுவிட முடியவில்லை" என்றார் மன்னர், மேலாடையால் மூக்கைப் பொத்தியபடி. "முத்திரை விழுந்ததை மாற்றவும் முடியாது. இதைக் கிளப்பியவர் நீர். சரிசெய்யாவிட்டால் தளவாயின் மைத்துனரைக் கூப்பிடுவேன்."

"மாற்ற வேண்டாம் மகாராஜா. கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்: வந்தோர் அனைவரும் வாளை அடுக்களையில் ஒப்படைத்து அமர்க."

"பலே" என்றார் தளவாய். "மீன்காரர்கள் எல்லாரும் அடுக்களைக்குப் போகட்டும்."

"தளவாயார் இடுப்பில் இருப்பது?"

"இது வாள். மீன் இல்லை."

"வாளேதான். உம்முடைய இலக்கணப்படி அது 'ஐ' ஏற்றால் என்ன ஆகும்?"

 மன்னர் முத்திரையைத் தாமே எடுத்துக் குத்தினார். சாத்தப்பருக்கு ஒரு பட்டும், அவசரத் தேவையை உத்தேசித்து இரண்டு செம்புப் பன்னீரும் கிடைத்தன. அன்று சபையில் எவர் இடுப்பிலும் எதுவும் இல்லை. பேச்சு சீக்கிரமே முடிந்தது.

சபை கலைந்ததும் தளவாய் நேரே அடுக்களைக்குப் போனார்.

"என் வாளை எங்கே?"

சமையற்காரர் கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "குழம்பில் கொதிக்குதுங்க. நறுக்கினதும் ஐயாவோடதுதான். நல்ல கூர்."

வடகரையில் முடிவு வேறு. அங்கே தளவாய் "என் வாள் எங்கே?" என்றுதான் கேட்கிறார். சமையற்காரருக்கு ளகரமும் லகரமும் ஒன்று. இலை போட்டு வால் துண்டை வைக்கிறார். வடகரைத் தளவாய் கோபித்துக்கொள்வதில்லை. இன்னொரு துண்டு கேட்கிறார்.